பக்கத்து ஊரில் பனி, எங்கள் தெருவில் மழை: ராலே, கேரி குடும்பங்களின் பனிக்காலக் கேள்விகள்

வட கரோலினாவில் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் ஜனவரி பிறந்தால் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வானிலை படித்தவள் இல்லை. இந்த ஊரில் பதினான்கு குளிர்காலம் பனிக்காகக் காத்திருந்தவள். பல தடவை ஏமாந்து, ஏன் ஏமாந்தோம் என்று ஒவ்வொரு தடவையும் தேடிப் படித்தவள்.

ஊரெல்லாம் பனி என்று செய்தி. எங்கள் வீட்டில் மட்டும் ஏன் மழை?

2025 பிப்ரவரி 19, புதன்கிழமை. மாநிலத்தில் அவசர நிலை அறிவித்தாயிற்று, பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. முந்தின நாள் வரை ஆறு அங்குலம் வரலாம் என்று பேச்சு. பனி வர வேண்டும் என்று என் மகள் இரவே தலையணைக்கு அடியில் கரண்டியை வைத்துவிட்டாள். மறுநாள் பின்பக்க டெக்கில் முறத்தில் அரிசி புடைப்பது போல ஒரு சத்தம். கதவைத் திறந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது ஜவ்வரிசி மாதிரி உருண்டு ஓடியது. "அம்மா, இது ஸ்னோ இல்லைதானே?" என்றாள். இல்லை, ஸ்லீட். கடைசியில் எங்கள் புல்தரையில் ஒரு அங்குலம்கூடத் தேறவில்லை. அதே புயல், மூன்று மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் பக்கம் பல இடங்களில் 10 அங்குலம் வரை கொட்டிவிட்டுப் போனது.

காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. இங்கே குளிர்காலப் புயலில் மேகத்தை விட்டுப் புறப்படும்போது பெரும்பாலும் எல்லாமே பனிதான். தரையிலும் குளிர்தான். நடுவில், சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில், கடல் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று ஒரு அடுக்காக நுழைந்துவிடுகிறது. அந்த அடுக்கு உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலே போதும், பனி அங்கேயே உருகிவிடும். உயரத்துக்கு ஏற்ப வெப்பநிலையைக் கோடாக வரைந்தால் அந்த இடம் மட்டும் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதற்கு 'வார்ம் நோஸ்' என்று பெயர். பனிக்காகக் காத்திருக்கும் ராலேக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை தெரியும்.

ஸ்லீட், ஃப்ரீசிங் ரெயின், ஸ்னோ: என்ன வித்தியாசம்?

உருகிய துளி கீழே இறங்கும்போது குளிர்ந்த அடுக்கு தடிமனாக இருந்தால் நடுவழியிலேயே மறுபடி உறைந்து மணியாகிவிடும். அதுதான் ஸ்லீட். குளிர்ந்த அடுக்கு மெல்லியதாக இருந்தால் துளி தண்ணீராகவே வந்து, கிளையிலும் மின்கம்பியிலும் பட்டவுடன் கண்ணாடியாக உறையும். அது ஃப்ரீசிங் ரெயின், மூன்றிலும் ஆபத்தானது. வழியில் எங்கும் உருகாமல் வந்து சேர்வது ஸ்னோ. ஜன்னலைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்: ஸ்லீட் சத்தம் போடும், ஸ்னோ விழுந்தால் தெருவே அடங்கிப்போகும்.

டர்ஹமில் இருக்கும் நண்பர் பனிமனிதன் படம் அனுப்புகிறார். இருபது மைல்தானே, எங்களுக்கு ஏன் இல்லை?

இந்த இருபது மைலுக்காக இங்கே எத்தனை பேர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள் தெரியுமா! நமக்கு மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர், கிழக்கே அட்லாண்டிக். நியூயார்க், பென்சில்வேனியா பக்கம் குளிர்ந்த உயரழுத்தம் வந்து உட்கார்ந்தால், அங்கிருந்து வழியும் கனமான குளிர்காற்று மலையைத் தாண்ட முடியாமல் அதன் கிழக்கு அடிவாரத்தில் தேங்கி, தெற்கு நோக்கி நம் பக்கம் இறங்கும். அணையில் தண்ணீர் தேங்குகிற மாதிரிதான். அந்தத் தேக்கம் வடமேற்கே ஆழமாகவும் தென்கிழக்கே ஆழம் குறைந்தும் இருக்கும். கடற்கரைக்கு அப்பால் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீர் நீரோட்டம் ஓடுகிறது. அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று தென்கிழக்கிலிருந்து தள்ளும்.

இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் கோடு பல புயல்களில் நம் தலைமேலேதான் விழுகிறது. வடமேற்கே ஹில்ஸ்பரோவில் ஸ்னோ, கேரியில் ஸ்லீட், தெற்கே ஃபயட்வில்லில் வெறும் மழை என்பது இங்கே சர்வசாதாரணம். புயலின் மையம் முப்பது மைல் கிழக்கே நகர்ந்து போயிருந்தால் அன்று நாமும் படம் அனுப்பியிருப்போம். நம் ஊர் மேல் ஏதோ குமிழி இருக்கிறது, பனி அதைச் சுற்றிப் போய்விடுகிறது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி எதுவும் கிடையாது. எல்லைக்கோட்டில் குடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ரேடாரில் எங்கள் வீட்டின் மேல் பனியைக் காட்டும் நீல நிறம். வெளியே ஒன்றுமே விழவில்லையே?

விழுகிறது, தரை வரை வரவில்லை. புயலுக்கு முன்னால் கீழே இருக்கும் காற்று மிகவும் வறண்டிருந்தால் முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விழும் பனியை அது குடித்துவிடும். ரேடார் உயரத்தைப் பார்க்கிறது, நாம் தரையைப் பார்க்கிறோம்.

இதில் மனம் விட்டுவிட வேண்டாம். பனி ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. மாலையில் 38 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டிய வெப்பமானி, பொழிவு தொடங்கியதும் 32க்கு இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் வெப்பநிலையோடு 'ட்யூ பாயிண்ட்' என்ற எண்ணையும் பாருங்கள். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்று அது சொல்லும். அது இருபதுகளில் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். வெப்பநிலையும் அதுவும் சேர்ந்து முப்பத்தைந்தில் நின்றால், குடையை எடுத்து வையுங்கள்.

ஐந்து நாள் முன்பு போனில் 9 அங்குலம் காட்டியது. கடைசியில் தூறல். பொய் சொன்னார்களா?

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டிய விதம் எனக்கும் கோபம் தருகிறது. ஒரு குழந்தை அதைப் பார்த்து ஐந்து நாள் கனவு காண்கிறது என்பதை அந்தத் திரையை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வானிலை மாடல் என்பது ஒரு பெரிய கணக்கு. ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்க மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, ஐரோப்பிய மாடலும் அப்படியே. பல செயலிகள் இப்படி ஓடிய ஒரே ஒரு கணக்கின் முடிவை எடுத்து உங்கள் தெருவுக்கு இத்தனை அங்குலம் என்று போட்டுவிடும். ஆறு மணி நேரம் கழித்து அடுத்த ஓட்டத்தில் அது பூஜ்யமாகலாம். ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அதே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தொகுப்பில் 31, ஐரோப்பியத் தொகுப்பில் 51. ஐம்பத்தொன்றில் எட்டு மட்டும் நம் ஊருக்குப் பனி காட்டினால், அந்த எட்டில் ஒன்றைத்தான் உங்கள் போனில் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் சுற்றும் வண்ண வண்ணப் பனி வரைபடங்கள் பலவும் ஸ்லீட்டையும் ஸ்னோ கணக்கில் சேர்த்துவிடும். ஒரு அங்குலத் தண்ணீர் பத்து அங்குலப் பனியாகும் என்பது பொதுக் கணக்கு. ஸ்லீட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட உயராது. எல்லைக்கோட்டில் இருக்கும் நமக்கு அந்த வரைபடம் எப்போதும் தாராளமாகத்தான் காட்டும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஐந்து நாளுக்கு முன் எந்த எண்ணையும் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். மூன்று நாள் இருக்கும்போது ராலேயின் தேசிய வானிலைச் சேவை அலுவலகத்தின் பக்கத்தைத் திறப்பேன். அவர்கள் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று வாய்ப்பு வரைபடங்கள் போடுகிறார்கள். குறைந்தபட்சப் படத்தில் நம் ஊருக்குப் பூஜ்யம் என்றால், பூஜ்யத்துக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். புயல் நாளன்று கிரீன்ஸ்பரோவிலிருந்து காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் பறக்கவிடும் வானிலை பலூனின் அளவைப் பார்ப்பேன். அந்த மூக்கு இருக்கிறதா இல்லையா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது அது ஒன்றுதான்.

கணிப்பு மறுபக்கமும் தவறும், அதையும் சொல்ல வேண்டும். 2000 ஜனவரி 24, 25 தேதிகளில் ராலே-டர்ஹம் விமான நிலையத்தில் 20.3 அங்குலம் விழுந்தது. இன்று வரை அதுதான் இந்த ஊரின் சாதனை. 24ஆம் தேதி பகலில்கூட மாடல்கள் அதைப் பிடிக்கவில்லை. அப்போது இங்கே இருந்தவர்கள், சாதாரணமாகப் படுத்துத் தூங்கி எழுந்து கதவைத் திறந்தால் கார் இருந்த இடம் தெரியவில்லை என்று இன்னும் கண் விரியச் சொல்வார்கள்.

2025 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில்கூடப் பனி! நாம் அதற்கு வடக்கே இருந்தும் நமக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்த நாள் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. ஜனவரி 21, செவ்வாய். லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாக பிளிசர்ட் (பலத்த காற்றோடு வரும் பனிப்புயல்) எச்சரிக்கை விடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம், அலபாமாவின் மொபைலில் 7.5 அங்குலம், ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் 8.9 அங்குலம். ஃப்ளோரிடாவின் பழைய மாநிலச் சாதனையே 1954இல் மில்டனில் விழுந்த 4 அங்குலம்தான். பனை மரமும் கடற்கரை மணலும் வெள்ளையாகக் கிடந்த படங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் குளிர் இருந்தது, புல் நுனிகூட மறையவில்லை.

நம்மை ஏமாற்றியது இந்த முறை வெப்பம் கிடையாது, குளிர்தான். ஆர்க்டிக் காற்று அளவுக்கு மீறி வந்து மெக்சிகோ வளைகுடா வரை இறங்கிவிட்டது. பனிக்குக் குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஈரத்தைச் சுமந்து வந்த தாழ்வழுத்தம் வளைகுடாவின் மேலேயே நகர்ந்து, கரையோரமாகப் போய்விட்டது. நமக்கு மேலே காற்று வறண்டு கிடந்தது. வழக்கமாக ஈரம் வந்தால் குளிர் போதாது, குளிர் வந்தால் ஈரம் வராது. தெற்கில் பனி என்றால் இரண்டும் ஒரே நாளில் ஒரே ஊரில் சந்திக்க வேண்டும். அன்று அவை சந்தித்த இடம் வளைகுடாக் கரை.

நியூ ஜெர்சி நண்பர்கள் "ஒரு அங்குலத்துக்கா இத்தனை கவலை?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ராலேயின் ஆண்டுச் சராசரி சுமார் 5 அங்குலம் என்று சொல்லுங்கள். அந்தச் சராசரியே மிகைதான், எப்போதோ வரும் ஒரு பெரிய புயல் அதை ஏற்றிவிடுகிறது. ஒரு பருவம் முழுக்க ஒரு அங்குலம்கூட இல்லாமல் போவதும் உண்டு. கிடைக்காத இடத்தில்தான் ஒரு அங்குலம் திருவிழாவாகிறது.

சாலையைப் பற்றிக் கேலி செய்தால் 2005 ஜனவரி 19ஐச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் விழுந்தது. உறைந்த சாலையில் அது அப்படியே பனிக்கட்டியாகிவிட, ராலே முழுவதும் வண்டிகள் நின்றன. பல பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே தூங்கினார்கள். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். வடக்கே பனி பனியாகவே கிடக்கும். இங்கே பகலில் உருகி இரவில் உறையும், அதன்மேல் எந்த டயரும் நிற்காது.

பாலும் ரொட்டியும் ஏன் காலியாகின்றன?

தெரியாது, ஆனால் காலியாகிவிடும். இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி வையுங்கள். இட்லி மாவும் அரைத்து வைத்துவிட்டால் மின்சாரம் போனாலும் கேஸ் அடுப்பில் சமாளிக்கலாம்.

மின்சாரம் இல்லாமல் சிலர் கஷ்டப்படும்போது, பனி கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவது தப்பா?

இந்தக் கேள்வியை என் மகளே கேட்டாள். நல்ல கேள்வி என்றேன். 2002 டிசம்பர் தொடக்கத்தில் வந்த ஐஸ் புயலில் கரோலினா மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஃப்ரீசிங் ரெயின் என்றால் இங்கே யாரும் ஆசைப்படுவதில்லை. பைன் மரம் அந்தப் பாரத்தில் முறியும் சத்தம் வெடி போடுவது மாதிரி இருக்கும், ஒரு தடவை கேட்டால் மறக்காது.

பனிக்கு ஆசைப்படுவது வேறு. நாம் ஆசைப்பட்டதால் புயல் யார் வீட்டுக்கும் திரும்பிப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் முதியவருக்கு ஃப்ளாஸ்க்கில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் "ஒரு இரண்டு அங்குலமாவது விழுந்திருக்கலாம்" என்று ஏங்கலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம்.

குழந்தை அழுகிறது. எப்படிச் சமாதானப்படுத்துவது?

"இதுக்குப் போய் அழுவாங்களா" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளியூர் அத்தை வருகிறேன் என்று சொல்லி வராமல் போனால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் இதுவும்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு உண்டு: இரவு உடையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது, தலையணைக்கு அடியில் கரண்டி வைப்பது, ஐஸ் கட்டியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிடுவது. மூன்றையும் செய்தும் பனி வரவில்லை என்றால் பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைக்கும். என் மகள் "குட்டிக் கரண்டி வச்சதாலதானா?" என்று கேட்டாள். அன்று அவளை உட்கார வைத்து அந்த மூக்குக் கோட்டை நோட்டில் வரைந்து காட்டினேன். புரிந்ததும் அழுகை கோபமாக மாறியது. இப்போது புயல் வந்தால் முதலில் அவளே பலூன் படத்தைக் கேட்கிறாள்.

ஸ்லீட் விழுந்தால் அதையும் வீணாக்க வேண்டாம். உருண்டை பிடிக்க வராது, ஆனால் சரிவில் ஸ்லெட் (உட்கார்ந்து சறுக்கும் பலகை) வழுக்குவதற்கு ஸ்னோவைவிட வேகம். ஹெல்மெட் போட்டு விடுங்கள். இன்னொன்று: புயல் நாளில் பள்ளி வீட்டிலிருந்தே கணினியில் வகுப்பு வைத்தால், மத்தியானம் அரை மணி நேரமாவது வெளியே அனுப்புங்கள். பாடத்தை மாலையில் முடித்துக்கொள்ளலாம், தரையில் கிடப்பது மாலை வரை இருக்காது.

பனி இருக்கும் ஊருக்கு நாமே ஓட்டிக்கொண்டு போகலாமா?

புயல் நடக்கும்போது வேண்டவே வேண்டாம். ஓய்ந்து, சாலையைச் சுத்தம் செய்த பிறகு போகலாம். பூன், பீச் மவுண்டன், சுகர் மவுண்டன் எல்லாம் கேரியிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். பீச் மவுண்டன் 5,500 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே செயற்கைப் பனியும் தயாரிப்பதால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். காலை பத்து மணிக்கு முன் மலையேறாதீர்கள், வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத கருப்பு ஐஸ் இருக்கும். போய் வந்த பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். ஆனால் நம் தெருவில், நம் தபால் பெட்டியின் மேல் விழுவதைப் பார்க்கும் ஆசை அதில் தீராது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா "அங்க பனி பெய்யுதா?" என்று கேட்டால்?

என் அம்மா மதுரையிலிருந்து கேட்பார். "பெய்யலைம்மா" என்றால், "இங்க காலைல ஒரே பனி, தலைல துண்டு கட்டிக்காம வாசலுக்குப் போக முடியல" என்பார். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியில் வரும் பனி அது. நமக்குப் பனித்துளியும், மூடுபனியும், ஸ்னோவும் எல்லாம் ஒரே சொல்தான். அந்தப் பிப்ரவரி 19ஆம் தேதியும் மாசிதான். அன்று அம்மாவுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் பிறந்துவிட்டது. ஸ்லெட்டை அட்டிக்கில் ஏற்றிவிடலாமா?

பொறுங்கள். ராலேயில் 17.8 அங்குலம் விழுந்த இன்னொரு பெரும்பனி 1927இல் வந்தது, அது மார்ச் மாதத் தொடக்கம். எங்கள் வீட்டில் மார்ச் 15 வரை ஸ்லெட் கராஜ் சுவரில்தான் சாய்ந்திருக்கும், கரண்டி தலையணைக்கு அடியில். இப்போது பெரிய கரண்டி, சாம்பார் கரண்டி.